உள்ளே ஆள் இருக்கிறாளா?

கடையத்திலிருந்து வந்த பிளசர் கார் குற்றாலத்தில் எங்கள் எண்ணெய்க் கடை வாசலில் நின்றபோது அக்கா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். காலையிலேயே அருவிக்குப் போய்விட்டு வந்திருந்தோம். ஆடி மாதம். தகரக் கூரையில் சாரல் விழுகிற சத்தத்தில் கார் வந்தது எனக்குக் கேட்கவே இல்லை. அக்காவுக்குக் கேட்டது. துண்டைத் தோளில் போட்டபடி வாசலுக்கு ஓடினாள்.

முதலில் இறங்கியவர் அத்தான், அக்காவின் புருஷன். அடுத்து அவருடைய அம்மா. அவளை நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். முன் சீட்டிலிருந்து பண்பொழி அண்ணாச்சி மெதுவாக இறங்கினார். அத்தை வீட்டு உறவில் பெரிய மனிதர். நாலு குடும்பத்துச் சண்டையைத் தீர்த்து வைத்தவர் என்று பெயர்.

அக்கா காருக்குள் எட்டிப் பார்த்தாள். பின் சீட்டில் ஒரு வாழைத்தாரும் ஒரு குடையும் கிடந்தன. அவளுடைய இரண்டு வயது மகள் செல்வி இல்லை.

"புள்ள எங்க?" என்றாள் அக்கா.

"மொதல்ல ஒன்னையப் பாப்போம். பொறவு புள்ளயப் பாப்போம்," என்றாள் அத்தை.

அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். எழுதவே கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த நாள் அது. எழுத வைத்தவர் ஒரு வாசகர்.

வாசகர் கேட்டது

வாசுதேவநல்லூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ஹாஸ்டல் சாப்பாடு, பஸ் பயணம் என்றே வாரா வாரம் ஓட்டுகிறீர்களே அம்மா, காலமெல்லாம் கல்லூரியில் தத்துவம் நடத்தியவர்தானே, மனம் என்றால் என்ன, அறிவு என்றால் என்ன என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு வாரம் எழுதக் கூடாதா என்று கேட்கிறார். படித்ததும் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தத்துவத்தின் மேல் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருந்ததில்லை. ஐம்பதுகளின் நடுவில் நான் கல்லூரிக்குப் போனபோது அந்தப் பிரிவில்தான் இடம் இருந்தது. "ஒங்க சின்னவ என்ன படிக்கா?" என்று கேட்கிறவர்களிடம் அப்பா, "என்னமோ மனசப் பத்திப் படிக்கா" என்பார். "அதுக்குக் காலேசு எதுக்கு அண்ணாச்சி?" என்று அவர்கள் சிரிப்பார்கள்.

முதல் வகுப்பிலேயே எங்கள் பேராசிரியை ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு மனம் என்று ஒன்று இருக்கிறது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" நாங்கள் சிரித்தோம். என் பக்கத்தில் இருந்தவள் என் டப்பாவிலிருந்து முறுக்கை எடுத்து ஓசைப்படாமல் வாயில் ஊற வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு மனம் இல்லை என்று சொன்னால் நம்பியிருப்பேன்.

பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நல்ல மதிப்பெண் வாங்கினேன். என் வலி எனக்கு நேராகத் தெரியும். அடுத்தவர் வலியை அவர் முகத்தையும் பேச்சையும் நடத்தையையும் வைத்து ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகம் தப்பாகவும் போகலாம். இப்படி நாலு பக்கம் எழுதினேன். நான் அதை எழுதிக்கொண்டிருந்த சமயத்தில், கடையத்தில் எங்கள் அக்கா வாய் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

வீட்டைக் காலி பண்ணிவிட்டாள்

அக்காவின் பெயர் கோமதி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அம்மா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டதால் எனக்குத் தலை பின்னி விட்டது, சோறு போட்டது, அடித்தது எல்லாம் அவள்தான். கடையத்தில் வயல் வரப்பு உள்ள வீட்டில் அவளைக் கட்டிக் கொடுத்தார் அப்பா. செல்வி பிறந்தாள். அடுத்து ஒரு ஆண் குழந்தை பிறந்து, தொட்டில் கட்டுவதற்கு முன்பே இறந்துபோனது.

அத்தை குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிடுகிறேன் என்று அக்கா கேட்டிருக்கிறாள். பார்த்தால் அடுத்ததும் தங்காது என்று சொல்லிவிட்டார்கள். அழவும் விடவில்லை. பச்சை உடம்புக்காரி அழுதால் ஜன்னி கண்டுவிடுமாம். வாயைப் பொத்தினார்கள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

லீவில் நான் பார்க்கப் போனேன். அக்கா சோறு பொங்கினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். செல்விக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"அம்புட்டு வேலையும் செய்தா," என்றாள் அத்தை. "ஆனா உள்ள ஆளு இல்ல. வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. வெறும் ஒடம்பு நடமாடுது. அதுகிட்ட புள்ளய விட்டா என்னத்துக்கு ஆவும்?"

அன்று மத்தியானம் அக்கா எனக்குச் சோறு போட்டாள். எனக்குப் பூண்டு ஆகாது. புளிக்குழம்பை ஊற்றும்போது கரண்டியால் பூண்டை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு ஊற்றினாள். நான் எழுந்துபோய் அத்தையிடம் கேட்டேன். "உள்ள ஆளு இல்லன்னா பூண்ட ஒதுக்குனது யாரு?"

"மாடு கூடத்தான் பொழுது சாஞ்சா தானா வீட்டுக்கு வருது. அது என்ன வழி கேட்டுக்கிட்டா வருது? பழக்கம்ட்டி, வெறும் பழக்கம்."

பிற்பாடு நான் தடித் தடிப் புத்தகங்களில் இதே சண்டையைப் படித்தேன். நம்மைப் போலவே நடந்து, பேசி, சிரித்து, ஆனால் உள்ளே எதையுமே உணராத ஒரு ஆள் இருக்க முடியுமா என்று பெரிய மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாதத்துக்காக ஒரு ஆளைக் கற்பனை செய்தார்கள். அத்தைக்கு அந்தச் சிரமம் இல்லை, மருமகள் இருந்தாள்.

தென்காசியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கண்ணில் வெளிச்சம் அடித்தார். "நரம்பெல்லாம் சரியா இருக்கு. மூளையில ஏதாச்சும் இருந்தா மெட்ராசுக்குத்தான் கொண்டுபோகணும்," என்றார். அவருக்கு மனம் என்றால் மூளை. மூளை என்றால் மெட்ராஸ். அக்காவிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லாவற்றையும் அப்பாவிடமே கேட்டார்.

அப்பாவுக்கு வேறு கணக்கு. "சூடு. தலைக்குச் சூடு ஏறிட்டு. ஒரு சீசன் அருவில நிறுத்துனா எறங்கிரும்," என்றார்.

ஆக, மனம் என்பது உடம்பில் குடியிருக்கிற ஆள் என்றாள் ஒருத்தி. மூளை என்றார் ஒருவர். சூடு என்றார் இன்னொருவர். செய்கிற காரியத்தில்தான் மனம் இருக்கிறது, தனியாக வேறெங்கும் தேடாதீர்கள் என்று நான் கத்தினேன். வாசகர் கேட்ட பாடம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். இவை ஒவ்வொன்றுக்கும் பெரிய பெரிய பெயர்கள் இருப்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தப் பெயர்களால் அக்காவுக்கு ஒரு மண்ணும் ஆகவில்லை.

அப்பாவின் யோசனைக்கு அத்தை சம்மதித்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. "செல்வி இங்கன இருக்கட்டும். இவ வாயத் தொறந்து, புத்தி தெளிஞ்சிருக்கான்னு நாங்க வந்து பாத்த பொறவு அழைச்சுக்கிடுதோம். இல்லன்னா இல்ல." அந்த 'இல்லன்னா'வுக்கு அர்த்தம் கடையத்துக்கே தெரியும். அத்தானுக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எண்ணெய்க் கடை

எங்களுக்குத் தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. சீசன் வந்தால் குற்றாலத்தில் எண்ணெய்க் கடை. குளிக்க வருகிறவர்கள் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவியில் நிற்பார்கள். அவர்களோடு வேறு ஒரு கூட்டமும் வரும். புத்தி பேதலித்தவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருவார்கள். உச்சந்தலை நிறைய எண்ணெயை வைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அருவிக்குக் கீழே நிறுத்துவார்கள். தண்ணீர் மண்டையில் அடிக்க அடிக்கத் தெளியும் என்று நம்பிக்கை. தெளிந்தார்களா என்று எங்களுக்குத் தெரியாது. எண்ணெய் விற்றது.

சின்ன வயதில் அக்காவும் நானும் கடையில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒரு குடும்பம் வந்து நின்றால், அதில் நோயாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடவை கண்ணை உருட்டிக்கொண்டு கத்திய ஒருவரைக் காட்டினேன். அவர் தம்பியைக் கூட்டி வந்த அண்ணன். தம்பிக்காரர் வேட்டி மடிப்புக் கலையாமல் நின்று, எண்ணெயில் கலப்படம் இருக்கிறது என்று அப்பாவிடம் நிதானமாக வாதாடிக்கொண்டிருந்தார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் எப்போதும் சரியாகச் சொல்லிவிடுவாள். எப்படிக்கா என்று கேட்டால், "பேசுதவன விட்டுட்டு, யாரு பேச்ச யாரும் காதுல வாங்கலன்னு பாருட்டி" என்பாள்.

அந்த வருஷம் அருவிக்குக் கீழே அக்காவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். ஆனியில் ஆரம்பித்தோம். பெண்கள் பக்கம் ஈரச் சேலைக் கூட்டத்தில் ஒதுங்கி வழிவிடுவார்கள். "அய்யோ பாவம், சின்ன வயசுல்லா" என்று காதுபடவே சொல்வார்கள். தண்ணீர் அடி அடி என்று அடிக்கும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். என் கையை மட்டும் விடமாட்டாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்திருப்பாள்.

கிணற்றுக்குள் இருந்தவள்

ஒரு நாள் காலை. கடையில் உட்கார்ந்து நான் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா தன் சிக்கு விழுந்த தலையைக் கோதிக்கொண்டிருந்தவள், சாதாரணமாகக் கேட்டாள்.

"செல்விக்கு யாரு தல வாருதா?"

கட்டிப்போன குரல். நான் அலறிவிட்டேன். அப்பா எண்ணெய் அளந்துகொண்டிருந்தவர் அப்படியே அருவி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு அழுதார்.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். அவ்வளவு நாளும் எப்படிக்கா இருந்தது என்று கேட்டேன். "எல்லாம் கேட்டுச்சு. கெணத்துக்குள்ள கெடக்கவளுக்கு மேல பேசுதது கேக்க மாதிரி. பதிலும் தோணும். வாய்க்கு வராது. அத்தை 'உள்ள ஆளு இல்ல, ஆளு இல்ல'ன்னு சொல்லுவா பாரு, அதக் கேட்டுக்கிட்டு உள்ளதான் கெடந்தேன்," என்றாள்.

அப்பா கடையத்துக்கு ஆள் அனுப்பினார். இடைப்பட்ட நாட்களில் இன்னொன்றும் செய்தார். அக்காவைக் கடை முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். பைத்தியம் தெளிந்த பெண் என்று சனங்கள் நின்று பார்த்தார்கள். எண்ணெய் வியாபாரம் கூடியது. அக்கா அதையும் பொறுத்துக்கொண்டாள். செல்வி வரப்போகிறாள் என்ற நினைப்பு ஒன்றுதான் அவளுக்கு. மங்குஸ்தான் பழம் வாங்கி, பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்தாள்.

கேள்வியும் பதிலும்

கார் வந்த நாளுக்குத் திரும்புகிறேன்.

கடைக்குப் பின்னால் எண்ணெய்த் தகரங்கள் அடுக்கிய அறையில் எல்லோரும் கூடினோம். பண்பொழி அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தான் கதவோரம் சாய்ந்து வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரத் தலையோடு அக்கா நடுவில் நின்றாள்.

"பயப்படாமச் சொல்லு தாயி. ஒம் பேரென்ன?" என்றார் அண்ணாச்சி.

"கோமதி."

"இது எந்த ஊரு?"

"குத்தாலம். இது எங்க அப்பா கட. சீசன் முடிஞ்சா தென்காசிக்குப் போயிருவோம்."

"நேத்து என்ன சாப்பிட்டிய?"

"நேத்து வெள்ளிக்கெழம. ரசமும் அவியலும். நாந்தான் வச்சேன்."

அண்ணாச்சி திருப்தியாகத் தலையை ஆட்டினார். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவளே முன்னால் வந்து, மகனைக் கை காட்டிக் கேட்டாள்.

"இங்கன நிக்கது யாரு?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"சங்கரலிங்கம்," என்றாள்.

அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அத்தான் அப்போதுதான் திரும்பினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் தன் பெயரை அவள் வாயால் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் புருஷனைப் பெயர் சொல்லி, வாடா போடா என்றுகூடக் கூப்பிடுகிறார்கள். சந்தோஷம். அன்றைக்கு அப்படி இல்லை. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு மதினி, புருஷன் பெயர் குமாரசாமி என்பதால், பண்பொழி மலைக்கோயில் முருகனையே "மலை மேல இருக்கவரு" என்றுதான் கும்பிடுவாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பின ஊர். அந்த ஊரில்தான் அக்கா, கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னாள்.

"ம்," என்றார் அண்ணாச்சி. "தெளியலியே."

நான் குறுக்கே போய் நின்றேன். "என்ன தெளியல? யாருன்னு கேட்டிய. யாருன்னு சொன்னா. தப்பாவா சொல்லிட்டா?"

"புத்தி உள்ளவ புருசன் பேரச் சொல்லுவாளா?" என்றாள் அத்தை.

"சொல்லாம நின்னா என்ன சொல்லிருப்பிய? கட்டுன புருசனையே அடையாளம் தெரியலம்பிய!"

"வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சிருந்தாப் போதும் தாயி," என்றார் அண்ணாச்சி பொறுமையாக. "அதுதான் பதிலு."

"அத நீங்க மொதல்லயே சொல்லிருக்கணும்லா?"

"சொல்லிக் குடுத்துச் செஞ்சா அது புத்தியா?" என்ற அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, மனசப் பத்திப் படிச்சு ஒங்க சின்னவளுக்கும் மனசு சரியில்லாமப் போயிட்டு. இவளையும் சேத்து அருவில நிறுத்துங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். கடை வாசலில் அக்காவை உட்கார வைத்து, தெளிந்துவிட்டாள் தெளிந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு சீசன் பாப்போம்," என்றார். மகள் சபையில் புருஷன் பெயரைச் சொல்லிவிட்டாளே என்ற வெட்கம் அவருக்கு. அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிற்பாடு வகுப்பறையில் எத்தனையோ வருஷம் இந்தப் பாடத்தை நடத்தினேன். எதிரில் இருப்பவருக்கு மனம் உண்டா என்று எப்படிச் சோதிப்பது, என்ன பதில் வந்தால் ஒப்புக்கொள்வது. பிள்ளைகள் மாய்ந்து மாய்ந்து எழுதுவார்கள். கேள்வி கேட்கிறவர் முன்கூட்டியே முடிவு பண்ணிவிட்டால் எந்தப் பதிலும் பதில் ஆகாது என்று நான் சொல்வேன். அது பாடத்திட்டத்தில் இல்லை என்று அவர்கள் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

அத்தானுக்கு அந்தத் தை மாதமே இரண்டாம் கல்யாணம் நடந்தது. செல்வி புதிதாக வந்தவளை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். அக்கா எங்களோடேயே இருந்தாள். அறுபதுகளில் அப்பா படுத்த பிறகு கடையை அவள்தான் நடத்தினாள். நன்றாகப் பேசினாள், கறாராகப் பேரம் பேசினாள். இரண்டு தடவை செல்வியைப் பார்க்கக் கடையத்துக்குப் போய் வாசலோடு திரும்பினாள். பைத்தியம் வந்திருக்கிறது என்று பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு சீசனில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஏன்க்கா அன்னைக்குப் பேரச் சொன்னே என்று கேட்டேன். துணிச்சலா, வீம்பா, தெரியாமல் வந்துவிட்டதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"புள்ளயக் கூட்டிட்டு வரல," என்றாள். "எனக்கு அதே நெனப்பு. அப்பப் போயி யாருன்னு கேட்டாவ. அந்த ஆள ஏறிட்டுப் பாத்தேன். வெக்கப்படுததுக்கு அங்கன என்னட்டி இருந்துச்சு?"

கார் கிளம்பும்போது

அந்த நாளில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மூவரும் காரில் ஏறினார்கள். மழை வலுத்திருந்தது. அக்கா மங்குஸ்தான் பழப் பையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், கார் ஜன்னல் வழியாக அத்தையின் மடியில் வைத்தாள். பிறகு குனிந்து, அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அத்தே, செல்வி தூங்குதப்ப வெளக்க அணைச்சிராதீய. பயந்து முழிச்சிருவா. முழிச்சா ஒரு மடக்கு வெந்நி குடுத்து, முதுகத் தடவி விடுங்க. தானாத் தூங்கிருவா."

நான் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். அத்தானின் முகம் கோணிக்கொண்டு போனது. "அம்மா..." என்றார். அவர் கை கதவைத் திறந்தது. ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். இறங்கிவிடுவார் என்றே நினைத்தேன்.

அத்தை அவர் தோளைப் பிடித்தாள். "ஏலே, காதுல வாங்காத. அவ பேசல. நோயி பேசுது."

அத்தான் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். கார் நகர்ந்தது. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். காரோடு கூடவே ஓடி, ஜன்னலைத் தட்டி, வெளக்க அணைச்சிராதீய என்று முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள்.